பார்த்துப் பழக யாருடைய ஸ்விங்? கோல்ஃப் ஆடும் பெண்கள் தங்களுக்கேற்ற முன்மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் முறை

குமரி மாவட்டத்தில் கோல்ஃப் பழக விரும்பும் பெண்ணுக்கு முதல் ஆசிரியராக அமைவது பெரும்பாலும் கைபேசித் திரைதான். நமக்குப் பக்கத்தில் இருப்பது திருவனந்தபுரம் கவடியாரில் உள்ள ஒன்பது குழி மைதானம். நாகர்கோவிலிலிருந்து அங்கே போய், ஆடி, திரும்பி வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும் என்பதால், வேலையையும் வீட்டையும் சேர்த்துப் பார்க்கிற பெண்கள் மாதத்தில் ஓரிரு முறை போனாலே பெரிய காரியம். மற்ற நாள்களில் மொட்டைமாடியிலும் தென்னந்தோப்பிலும், விடுமுறையில் பள்ளி மைதானத்திலும் தனியாக மட்டையை வீசிப் பழக வேண்டியிருக்கிறது. பக்கத்தில் நின்று திருத்த ஆள் இல்லாத இந்த நிலையில், யாருடைய ஸ்விங்கை, அதாவது மட்டையை வீசும் முழு அசைவை, திரும்பத் திரும்பப் பார்க்கிறோமோ அவருடைய அசைவு நாம் எண்ணாமலே உடம்பில் படிந்துவிடும். அது பொருந்தாத அசைவாக இருந்தால் பின்னால் களைவதற்குப் பல மடங்கு பாடுபட வேண்டும். ஆகவே யாரைப் பார்ப்பது என்பதை முதலிலேயே யோசித்து முடிவு செய்வது நல்லது.

“அக்கா, யாரு ஸ்விங்கப் பாத்துப் படிக்கலாம்?” என்று கேட்கும் பெண்கள் என்னிடம் ஒரு பெயரை எதிர்பார்க்கிறார்கள். பெயர்களைக் கீழே சொல்லத்தான் போகிறேன். ஆனால் உங்களுக்குரிய முன்மாதிரியைத் தீர்மானிப்பவை உங்கள் உயரம், கைநீளம், மூட்டுகளின் நெகிழ்வு, இப்போது உங்கள் பந்து பறக்கும் விதம் ஆகிய நான்கும்தான். இவற்றில் உங்களோடு ஒத்துப்போகிற ஒருவர், உங்களால் செய்ய இயலுகிற ஒன்றை உங்களைவிடச் செம்மையாகச் செய்கிறார் என்றால், அவரே உங்களுக்கு ஏற்றவர். அவர் உலகத் தரவரிசையில் எங்கே இருக்கிறார் என்பது இரண்டாம் பட்சம்.

ஆண் வீரர்களைப் பார்த்துப் பழகினால் என்ன என்ற கேள்வி இயல்பாகவே எழும். நம் வீடுகளில் கோல்ஃப் காணொளிகளைத் தேடிக் கொடுப்பவர் அண்ணனாகவோ கணவராகவோ இருப்பதால் பெரும்பாலான பெண்கள் அங்கேதான் தொடங்குகிறார்கள். இதில் எண்களைக் கவனிக்க வேண்டும். பந்தின் ஓட்டத்தை அளக்கும் டிராக்மேன் ரேடார் கருவியின் சராசரிகளின்படி, எல்பிஜிஏ சுற்றில், அதாவது மகளிர் தொழில்முறைப் போட்டித் தொடரில், ஆடும் வீராங்கனைகள் நெடுந்தூரம் அடிக்கப் பயன்படுத்தும் டிரைவரின் மட்டைத்தலை மணிக்கு ஏறத்தாழ 94 மைல் வேகத்தில் பந்தைச் சந்திக்கிறது. பிஜிஏ சுற்றின் ஆண்களுக்கு அது ஏறத்தாழ 113 மைல். பந்து தரையைத் தொடும்முன் காற்றில் கடக்கும் தூரம் வீராங்கனைகளுக்குச் சுமார் 218 கெஜம், வீரர்களுக்குச் சுமார் 275 கெஜம். இந்தச் சராசரிகள் அவ்வப்போது சிறிது ஏறினாலும் இரு சாராருக்கும் இடையிலான வேறுபாடு அப்படியேதான் நீடிக்கிறது. இதைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. டிரைவரைக் கொண்டு அடிக்கும்போது வீராங்கனைகளின் மட்டைத்தலை சராசரியாக 3 டிகிரி அளவு மேல்நோக்கி ஏறிக்கொண்டே பந்தைத் தொடுகிறது. ஆண்களுடையதோ ஒரு டிகிரி அளவு கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும்போது தொடுகிறது. வேகம் குறைவாக உள்ளவர்கள் தூரம் பெற வேண்டுமானால் பந்தை உயரமாகவும் குறைந்த சுழற்சியோடும் அனுப்பியாக வேண்டும். அதற்காகவே வீராங்கனைகள் மேல்நோக்கி அடிக்கிறார்கள். நம் வேகம் அவர்களுடையதைவிடவும் குறைவு. அப்படியிருக்க, கீழ்நோக்கி அழுத்தி அடித்தும் வேகத்தால் தப்பித்துக்கொள்கிற ஓர் ஆணின் டிரைவர் ஸ்விங்கை நாம் நகலெடுத்தால், பந்து தாழப் பறந்து சீக்கிரமே தரையில் விழும்.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்க மிகச் சிறந்த எடுத்துக்காட்டு வீராங்கனை யூகா சாசோ. அவர் சிறு வயதிலிருந்தே வட அயர்லாந்து வீரர் ரோரி மெக்கில்ராயின் காணொளிகளைப் பார்த்துத் தன் ஸ்விங்கை அமைத்துக்கொண்டவர். இதை அவரே வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். 2021இல் பத்தொன்பது வயதில் அமெரிக்க மகளிர் ஓப்பன் பட்டத்தை வென்றார், 2024இல் மீண்டும் வென்றார். ஆனால் இந்த வெற்றியிலிருந்து நாம் கற்க வேண்டியதைச் சரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மெக்கில்ராய் ஆண் வீரர்களுக்குள் உயரம் குறைந்தவர். தோளும் இடுப்பும் சுழலும் வரிசையால்தான் அவர் வேகத்தைப் பெறுகிறார். குழந்தைப் பருவத்தில் தொடங்கி, உடற்பயிற்சியோடும் பயிற்சியாளரோடும் பல ஆண்டுகள் உழைத்த ஒருவருக்கு அது வாய்த்தது. முப்பது வயதில், நாள் முழுக்க அலுவலக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு மாலையில் மட்டையைத் தொடுகிற பெண்ணுக்கு அதே வழியைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

நம் மாவட்டத்தின் அடிமுறைத் தற்காப்புக் கலைக் களரிகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆசான் சுவடு (காலடி வைக்கும் முறை) எடுத்துக் காட்டும்போது மாணவர் அப்படியே பின்பற்றுகிறார்; ஆனால் குட்டையான, உறுதியான உடல்வாகு உள்ளவருக்கும் நெடிய மெலிந்த உடல்வாகு உள்ளவருக்கும் காலை எவ்வளவு அகட்ட வேண்டும், எவ்வளவு தாழ வேண்டும் என்பதை ஆசான் ஆளுக்கேற்ப மாற்றிக் கொடுத்துவிடுவார். திரையில் தெரியும் வீராங்கனையால் அந்த மாற்றத்தைச் செய்து தர இயலாது. அந்த வேலையை நாமே செய்துகொள்ள வேண்டும் என்பதால்தான் அளவெடுப்பதிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் உடலை அளந்துகொள்ளுங்கள்

வெறுங்காலோடு சுவரில் முதுகைச் சாய்த்து நின்று உயரத்தைக் குறியுங்கள். பிறகு இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை உள்ள தூரத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். கைநீளம் உயரத்தைவிட இரண்டு அங்குலத்துக்கு மேல் கூடினால், பந்தின் முன் நிமிர்ந்து நிற்பது உங்களுக்கு இயல்பாக வரும்; குறைந்தால், இடுப்பிலிருந்து கூடுதலாக முன்சாய வேண்டியிருக்கும். முன்மாதிரியைத் தேடும்போது உயரத்தை மட்டும் பார்க்காமல், பந்தின் முன் நிற்கும் அவருடைய கை எங்கே தொங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டியது இதனால்தான்.

அடுத்தது மேலுடலின் சுழற்சி. நாற்காலியின் விளிம்பில் முழங்கால்களைச் சேர்த்து உட்கார்ந்து, துடைப்பக் கம்பு ஒன்றை மார்பின் குறுக்கே வைத்து, இடுப்பு அசையாமல் வலத்துக்கும் இடத்துக்கும் திரும்பிப் பாருங்கள். தரையில் சதுர டைல்ஸ் பதித்திருந்தால் அதன் மூலைவிட்டமே 45 டிகிரிக்கு அடையாளம். கம்பு அந்தக் கோட்டுக்கு நேராக வந்துவிட்டால் முழுமையான பேக்ஸ்விங் (மட்டையைப் பின்னால் உயர்த்திக் கொண்டுபோவது) உங்களுக்குச் சாத்தியம். வராவிட்டால் குறுகிய பேக்ஸ்விங் உள்ளவரையோ, பேக்ஸ்விங்கில் இடது குதிகாலைச் சற்று உயர விடுகிறவரையோதான் நீங்கள் தேட வேண்டும். முற்கால வீராங்கனைகள் பலர் குதிகாலை அப்படி உயர விட்டே ஆடினார்கள். இறுகிய இடுப்புள்ளவர்களுக்கு அது இன்றும் நல்ல வழி. (இந்தக் கட்டுரை முழுவதும் வலக்கை ஆட்டக்காரரை மனத்தில் வைத்தே இடம், வலம் என்று சொல்கிறேன்.)

மூன்றாவது சோதனையைப் பெண்கள் கட்டாயம் செய்ய வேண்டும். கையை முன்னால் நீட்டி உள்ளங்கை மேலே தெரியும்படி பிடியுங்கள். முழங்கை நேர்கோட்டையும் தாண்டிப் பின்பக்கமாக வளைகிறதா? கட்டைவிரலை மடக்கினால் முன்கையைத் தொடுகிறதா? பெண்களுக்கு மூட்டுத் தளர்வு பொதுவாக ஆண்களைவிட அதிகம். தளர்வு மிகுந்தவர்களுக்கு மட்டையைப் பின்னால் கொண்டுபோவது எந்தச் சிரமமும் இல்லாமல் நீண்டுகொண்டே போகும். அந்த நீளம் வேகமாக மாறுவதில்லை. உச்சியில் கைப்பிடி தளர்ந்து, மட்டை தோளுக்குப் பின்னால் தொங்கி, பந்துக்கு வரும்போது தாமதமாகிவிடும். இத்தகையவர்கள் நீண்ட, ஒயிலான ஸ்விங்கைப் பார்த்து மயங்கக் கூடாது. கச்சிதமான ஸ்விங் உள்ளவரையே முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும்.

ஆண் பயிற்சியாளர்கள் பேசத் தயங்குகிற ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பந்தின் முன் நிற்கும்போது கைகள் மார்பகத்துக்கு மேலா, பக்கவாட்டிலா என்பது பல பெண்களுக்கு உண்மையான சிக்கல். இடுப்பிலிருந்து சற்றுக் கூடுதலாக முன்சாய்ந்தால் கைகள் தாமாக முன்னால் தொங்கி இடம் கிடைக்கும். இடது மேற்கை மார்பின் மேலாகவும் வலது மேற்கை பக்கவாட்டிலும் அமைவது பலருக்கு ஒத்துவருகிறது. உங்களைப் போன்ற உடல்வாகு உள்ள ஒரு வீராங்கனையை முன்மாதிரியாகக் கொண்டால் இந்த ஒரு கேள்விக்கே அவரிடமிருந்து கிடைக்கும் விடை, நூறு ஆண் வீரர்களைப் பார்த்தாலும் கிடைக்காது. நிற்கும்போது கீழ்முதுகை உள்ளே குழித்து வளைக்கும் பழக்கமும் பெண்களிடம் அதிகம். அது இடுப்புவலிக்கு நேர்வழி. அப்படி நிற்கிறவரைப் பார்த்துப் பழக வேண்டாம்.

யாரை எதற்காகப் பார்ப்பது

உயரம் ஐந்தடி இரண்டு அங்குலத்தை ஒட்டி இருக்கும் பெண்களுக்கு, அதாவது நம் ஊர்ப் பெண்களில் பலருக்கு, நான் முதலில் காட்டுவது ஜப்பானின் ஐ மியாசாடோவை. ஏறத்தாழ அதே உயரம் கொண்ட அவர் எல்பிஜிஏ சுற்றில் 9 பட்டங்களை வென்று, 2010இல் உலகத் தரவரிசையில் முதலிடத்தையும் பிடித்தார். நிதானமாக மட்டையை எடுத்து, உச்சியில் அவசரப்படாமல் திரும்பி, நிலைகுலையாமல் முடிக்கும் அவருடைய ஸ்விங்கில் ஒளிவுமறைவாக எதுவும் நடப்பதில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் கண்ணால் பின்தொடர முடிகிறது. பார்த்துப் பழகுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இதே வரிசையில் அயாகா ஃபுருவேயையும் பார்க்கலாம். ஐந்தடியைச் சற்றே தாண்டிய அவர் 2024இல் மேஜர் எனப்படும் பெரும் பட்டங்களில் ஒன்றான எவியான் சாம்பியன்ஷிப்பை வென்றார். உயரம் குறைந்தவர்களுக்கு மட்டை உடலைச் சுற்றிச் சற்றுத் தட்டையாகச் சுழல்வது இயல்பு என்பதை இவ்விருவரையும் பார்த்தாலே உணரலாம். அதைக் குறை என்று நினைத்துத் திருத்த முயல்கிறவர்கள் வீணாகச் சிரமப்படுகிறார்கள்.

நடுத்தர உயரமும் நல்ல நெகிழ்வும் உள்ளவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் மின்ஜி லீ பொருத்தமானவர். நிற்கும் முறை, பின்னால் எடுக்கும் பாதை, உச்சியில் மட்டையின் திசை எல்லாமே பாடம் நடத்துவது போலச் சீராக இருக்கும். உயரமான பெண்களுக்கு அமெரிக்காவின் நெல்லி கோர்டா. ஐந்தடி பத்து அங்குல உயரமுள்ள அவர் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். அவருடைய அகன்ற வளைவு நீண்ட கைகளாலும் வலிமையான கால்களாலும் வருவது. ஐந்தடி உயரமுள்ளவர் அந்த அகலத்தைப் பெற முயன்றால் உடல் பக்கவாட்டில் தள்ளாடும். ஆனால் அடித்து முடித்தபின் இடது காலின் மேல் முழு எடையோடு அவர் அசையாமல் நிற்கும் அந்தச் சமநிலையை எல்லா உயரத்தினரும் பின்பற்றலாம், பின்பற்றவும் வேண்டும்.

மிக்கி ரைட் தனியாகச் சொல்ல வேண்டியவர். 82 எல்பிஜிஏ பட்டங்கள், அவற்றில் 13 பெரும் பட்டங்கள். தாம் கண்டதிலேயே மிகச் சிறந்த ஸ்விங் அவருடையதுதான் என்று புகழ்பெற்ற ஆண் வீரர் பென் ஹோகனே பாராட்டியதாகக் கோல்ஃப் உலகம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கிடைக்கும் அவருடைய டவுன்ஸ்விங்கில் (உச்சியிலிருந்து மட்டையைப் பந்துக்குக் கொண்டுவரும்போது), மேலுடல் திரும்பும் முன்னரே கீழுடல் இலக்கை நோக்கி நகரத் தொடங்குவதைப் பாருங்கள். கைகளால் மட்டுமே அடிக்கும் பழக்கமுள்ளவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

இனி, ஓர் அம்சத்துக்காக மட்டும் பார்க்க வேண்டியவர்கள். எல்பிஜிஏ சுற்றில் 72 பட்டங்களை வென்றவரும், 2001இல் பதினெட்டுக் குழிகள் கொண்ட ஓர் ஆட்டத்தை 59 அடிகளில் முடித்தவருமான அனிகா சோரென்ஸ்டாம், மட்டை பந்தைத் தொடும் நேரத்திலேயே தலையையும் கண்களையும் இலக்கின் பக்கம் திருப்பத் தொடங்கிவிடுவார். “தலையைத் தூக்காதே” என்ற அறிவுரையைப் பிடித்துக்கொண்டு கழுத்தை இறுக்கி, உடல் திரும்ப முடியாமல் கைகளால் பந்தைச் சுரண்டுகிற பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு அனிகா நல்ல மருந்து. அந்தச் சிக்கல் இல்லாதவர்கள் அவருடைய தலைத் திருப்பத்தை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. தென்கொரியாவின் இன்பீ பார்க் மணிக்கட்டை அதிகம் மடக்காமல் மிக மெதுவாக மட்டையை எடுக்கிறவர். 7 பெரும் பட்டங்களும் 2016 ஒலிம்பிக் தங்கமும் அவருடையவை. பந்தைக் கண்டதும் மட்டையைப் பறித்தெடுக்கும் அவசரக்காரர்கள் அவரைப் பார்த்து நிதானத்தைக் கற்கலாம். கனடாவின் புரூக் ஹெண்டர்சன் மட்டையை உச்சியில் தரைக்கு இணையான நிலையைத் தாண்டியும் கொண்டுபோகிறார். அந்த நீளத்தைக் கட்டுப்படுத்தும் வலிமையும் நேர உணர்வும் அவரிடம் உண்டு. மூட்டுத் தளர்வுள்ளவர்கள் அவரைப் பார்த்து வியக்கலாம், பழகக் கூடாது.

நம் நாட்டின் அதிதி அசோக்கைப் பற்றிப் பலருக்கும் ஒரு தயக்கம் இருக்கிறது. அவர் நெடுந்தூரம் அடிப்பவர் அல்லவே என்கிறார்கள். என்னைக் கேட்டால் அதனால்தான் அவர் நமக்கு நெருங்கியவர். பெங்களூரில் வளர்ந்த அவர், டோக்கியோவில் தம்மைவிட வெகுதூரம் அடிக்கும் வீராங்கனைகளுக்கு நடுவே கடைசிக் குழிவரை போராடி, பதக்கத்தை ஒரே அடியில் தவறவிட்டு நான்காம் இடம் பெற்றார். அயன் எனப்படும் மெல்லிய உலோகத் தலை மட்டைகளில் நீண்டவற்றுக்குப் பதிலாக, பந்தை எளிதில் உயர்த்தும் ஹைப்ரிடையும் வுட் மட்டைகளையும் கொண்டு பந்தைக் குழி இருக்கும் கிரீன் புல்தரையில் இறக்கும் அவருடைய நிதானமான அடி, வேகம் குறைந்த நம்மைப் போன்றவர்களுக்கு நேரடியாகப் பயன்படும். ஒரு சிறு உபாயமும் சொல்கிறேன். ஹரியானாவின் தீக்ஷா டாகர் இடக்கை ஆட்டக்காரர். முன்னாலிருந்து எடுத்த அவருடைய காணொளி, வலக்கை ஆட்டக்காரருக்குக் கண்ணாடியில் தம் உருவத்தையே பார்ப்பது போல அமையும். திரையை எதிரே வைத்துக்கொண்டு அவரோடு சேர்ந்து அசையலாம். மற்ற வீராங்கனைகளின் படங்களைக் கைபேசியின் திருத்தும் வசதியில் இடவலமாகத் திருப்பி இதே பயனைப் பெறலாம்.

காணொளியைத் தேர்ந்தெடுப்பதும் பார்ப்பதும்

விளம்பரத்துக்காக எடுத்த படங்களையும், பந்து இல்லாமல் வெறுமனே வீசிக் காட்டும் படங்களையும் ஒதுக்கிவிடுங்கள். போட்டியிலோ பயிற்சித் திடலிலோ உண்மையாகப் பந்தை அடிக்கும் படம் வேண்டும். அதிலும் இரண்டு கோணங்கள் தேவை: ஒன்று, ஆட்டக்காரரின் முகத்துக்கு நேராக, மற்றொன்று, இலக்கை நோக்கி அவருடைய வலப்பக்கப் பின்னாலிருந்து, கைகளின் உயரத்தில். கேமரா ஓர் அடி இடமோ வலமோ நகர்ந்தாலே மட்டையின் பாதை வேறு மாதிரித் தோன்றும் என்பதால், கோணம் சரியில்லாத படத்தோடு உங்கள் படத்தை ஒப்பிட்டு வருந்தக் கூடாது. டிரைவரை டிரைவரோடும் 7 அயனை 7 அயனோடும்தான் ஒப்பிட வேண்டும். மெதுவாக ஓட்டிய படங்களில் மட்டையின் தண்டு வில்லாக வளைந்து தெரிந்தால் அது பெரும்பாலும் கேமராவின் கோளாறு.

மெதுவாக ஓடும் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பது பலர் செய்யும் பிழை. நிலைகளைப் புரிந்துகொள்ள அது உதவும். தாளத்தை அதிலிருந்து கற்க முடியாது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலரிடம் பேக்ஸ்விங்குக்கு ஆகும் நேரம், உச்சியிலிருந்து பந்தைத் தொட ஆகும் நேரத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காக இருக்கிறது. இந்த விகிதம் இயல்பான வேகத்தில் பார்த்தால்தான் உடலுக்குள் இறங்கும். ஆகவே ஒரு முறை மெதுவாகப் பார்த்தால் ஐந்து முறை இயல்பான வேகத்தில் பாருங்கள். பார்த்த கையோடு எழுந்து நின்று, மட்டை இல்லாமலே அதே தாளத்தில் உடலைத் திருப்பிப் பாருங்கள்.

எதை எடுப்பது, எதை விடுவது

எந்த வீராங்கனையிடமும் அடிப்படையும் உண்டு, அவருக்கே உரிய தனிப் பழக்கமும் உண்டு. நான்சி லோபஸ் பந்தின் முன் நின்றபின் கைகளைச் சற்று உயர்த்திவிட்டு, பிறகே மட்டையைப் பின்னால் எடுப்பார். முழுமையாக ஆடிய முதல் ஆண்டான 1978இல் 9 பட்டங்களை, அவற்றில் 5 பட்டங்களைத் தொடர்ச்சியாக வென்ற அவருடைய ஆட்டத்துக்கு அந்தக் கைத்தூக்கல் காரணமன்று. தனிப் பழக்கங்கள் பெரும்பாலும் ஸ்விங்கின் தொடக்கத்திலும் உச்சியிலும் காணப்படும். மட்டை இடுப்பளவு இறங்கி, பந்தைத் தொட்டு, மறுபக்கம் இடுப்பளவு ஏறும் அந்தக் குறுகிய பகுதியில் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரும் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருப்பார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது முதலில் அந்தப் பகுதியை. பந்தைத் தொடும் கணத்தில் படத்தை நிறுத்துங்கள். இடுப்பு இலக்கின் பக்கம் திரும்பியிருக்கிறதா? எடை இடது காலில் இருக்கிறதா? அயனாக இருந்தால் கைகள் பந்தைவிடச் சற்று முன்னால் இருக்கின்றனவா? டிரைவராக இருந்தால் பந்து இடது குதிகாலுக்கு நேராகவும் தலை அதற்குப் பின்னாலும் இருக்கின்றனவா? இந்தக் கேள்விகளுக்கு விடை கண்டுவிட்டால் பேக்ஸ்விங்கின் அழகைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

பழைய படங்களைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை. 1970களில் அடித்து முடிக்கும்போது இடுப்பை முன்னால் தள்ளி முதுகைப் பின்னுக்கு வளைத்து நிற்கும் பாணி பரவலாக இருந்தது. படத்தில் அழகாகத் தெரியும், கீழ்முதுகுக்குக் கேடு. நிமிர்ந்த நிலையில் முடிக்கும் இக்கால வீராங்கனைகளின் ஃபினிஷையே பின்பற்றுங்கள்.

தக்கலையில் வங்கிப் பணியில் இருக்கும் ஒரு பெண்ணின் கதை இவ்விடத்தில் பயன்படும். துபாயிலிருந்து அவருடைய அண்ணன் கொண்டுவந்த மட்டைகளை வைத்துக்கொண்டு, புகழ்பெற்ற ஓர் ஆண் வீரரைப் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தார். பந்து தாழக் கிளம்பி வலப்பக்கமாக வளைந்து ஓடியது. கைபேசியை பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் வைத்து எடுத்த படத்தை நிறுத்திப் பார்த்தபோது, உச்சியில் இடது முழங்கை மடங்கியிருந்தது. மட்டையின் தண்டு கழுத்தின் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கிரிப்பில் (மட்டையின் கைப்பிடியில்) இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் பிரிந்து, இடையே வெளிச்சம் தெரிந்தது. நீண்ட, கனமான, விறைப்பான ஆண்கள் மட்டையைத் தூக்க அவர் உடல் கண்டுபிடித்த வழி அது. நாங்கள் முதலில் கிரிப்பை ஓர் அங்குலம் கீழே பிடிக்கச் செய்தோம். பிறகு முன்மாதிரியை மியாசாடோவாக மாற்றி, கடைசி மூன்று விரல்களும் பிடியை விடாத உயரம்வரை மட்டுமே மட்டையை எடுக்கச் சொன்னோம். பேக்ஸ்விங் பாதியாகக் குறைந்ததுபோல் அவருக்குத் தோன்றியது. படத்திலோ அது தோளளவுக்குச் சற்று மேலே, மியாசாடோவின் உச்சிக்கு அருகில் இருந்தது. பந்து முதன்முறையாக நேராகக் கிளம்பியது. மட்டை பொருந்தாவிட்டால் எந்த முன்மாதிரியும் பயன் தராது. பெண்களுக்கான மட்டைகள் பொதுவாக ஓர் அங்குலம் குட்டையாகவும், தண்டு நன்றாக வளைந்துகொடுக்கும்படியும், கைப்பிடி மெலிதாகவும் அமைந்திருப்பது இதற்காகவே.

வீட்டில் பழகும் விதம்

பந்தை அடித்துப் பழக வலை வேண்டும். குளச்சலிலும் முட்டத்திலும் கழித்துப் போட்ட மீன்வலைகள் கிடைக்கும் நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் கண்ணியின் அளவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விதிப்படி கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையாது, எடை 45.93 கிராமுக்கு மிகாது. கண்ணியின் விரிந்த அளவு பந்தின் விட்டத்தில் பாதியளவு இருந்தால் பாதுகாப்பு. வலையை இறுக்கிக் கட்டினால் பந்து திரும்பி முகத்துக்கே வரும். தளர்வாகத் தொங்கவிட்டு, அரையடி இடைவெளியில் இரண்டாவது அடுக்கையும் தொங்கவிடுங்கள். வெயிலில் காய்ந்த நைலான் நூல் இற்றுப்போகும் என்பதால் அவ்வப்போது கையால் இழுத்துச் சோதிக்க வேண்டும். வலைக்குப் பின்னால் சுவரோ மண்மேடோ இருக்கட்டும். வழியோ வீடோ இருக்கக் கூடாது. சுடிதார் அணிந்து பழகுகிறவர்கள் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டே மட்டையைத் தொடுங்கள்.

ஒரு நேரத்தில் ஓர் அம்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் முடிக்கும் நிலை என்றால் அது மட்டுமே; கிரிப்பையோ தலையையோ பற்றி நினைக்க வேண்டாம். பந்தில்லாமல் மெதுவாகச் சில முறை, பிறகு பாதி வேகத்தில் பந்தோடு, அதன்பின் முழு வேகத்தில் என்று போனால் உடல் ஏற்றுக்கொள்ளும். உங்கள் படத்தை எடுக்கும்போது கைபேசியை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே உயரத்தில் வைக்க, தரையில் பெயின்டால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 120 அல்லது 240 படங்கள் எடுக்கும் வசதி பெரும்பாலான கைபேசிகளில் உண்டு.

வலையில் அடிக்கும்போது பந்தின் ஓட்டம் தெரியாது. ஸ்விங் மாறியிருக்கிறதா என்பதைத் திறந்த வெளியில்தான் அறிய முடியும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், குறிப்பாக ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய பகுதிகளில், நேராக அடித்த பந்தும் வளைந்துதான் போகும். அந்த நாள்களில் பந்தின் வளைவைப் பார்த்து முன்மாதிரியைக் குறை சொல்லாதீர்கள். காற்று அடங்கிய அதிகாலையில் பாருங்கள். கவடியாருக்குப் போகும் நாளை இந்தச் சோதனைக்கென்றே ஒதுக்கிவைப்பதும் நல்லது. வெளியாள்களுக்கான விதிமுறைகளை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

எவ்வளவு காலம் ஒருவரையே பார்த்துப் பழகுவது? குறைந்தது ஓர் ஆட்டப் பருவம் முழுவதும் என்பது என் கருத்து. வாரத்துக்கொரு வீராங்கனை என்று தாவுகிறவர்களுக்கு யாருடைய தாளமும் படிவதில்லை. ஆனால் முதுகிலோ இடது மணிக்கட்டிலோ முழங்காலிலோ வலி தொடங்கினால் அன்றைக்கே நிறுத்தி, எந்த அசைவு அதைத் தருகிறது என்று பாருங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு நகலெடுப்பதற்குரிய ஸ்விங் எதுவும் இல்லை. உடல் மாறும்போதும் தேர்வை மீண்டும் செய்ய வேண்டும். மகப்பேற்றுக்குப் பின் வயிற்றுத் தசைகளும் இடுப்பு மூட்டுகளும் முன்போல் இறுக்கமாக இருப்பதில்லை. மருத்துவர் அனுமதித்தபின் புட்டிங்கிலும் (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடியிலும்) குறுகிய அடிகளிலும் தொடங்கி, கச்சிதமான ஸ்விங் உள்ள ஒருவரை அந்தக் காலத்துக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாம். நாற்பதைத் தாண்டியவர்கள் நாற்காலிச் சோதனையை ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்து பார்த்து, கம்பு மூலைவிட்டத்துக்கு வராமல் நிற்கத் தொடங்கினால், பேக்ஸ்விங்கில் குதிகாலை உயர விடும் ஒருவரை அப்போதே தேடத் தொடங்கிவிட வேண்டும்.